ஆச்சியின் வைப்புத்தொகையும் ‘பேங்க் டாட் இன்’ முகவரியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் என் அயித்தை தனியாக இருக்கிறார். வயது 71. வீடு ஏழு பங்காளிகளுக்குச் சொந்தம். ஆறு பேருடைய அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஊரில் எல்லாருக்கும் அயித்தை ‘ஆச்சி’. 2024 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பது நிமிடத்துக்குள், அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து 4,62,000 ரூபாய் போய்விட்டது.

நான் கணினி வலையமைப்பு வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். அன்று இரவு புகார் கொடுத்தது நான்தான். அதற்குப் பிறகு பல மாதம், அயித்தையின் போனில் இருந்த குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், பார்த்த பக்கங்களின் வரிசை, கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் மணிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். இதற்கிடையில் 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்திய வங்கிகளுக்கு மட்டும் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் இணைய முகவரி தரப்படும் என்றது. இது ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அயித்தையின் பணம் நின்றிருக்குமா? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அயித்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் வங்கியின் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாற்பது நிமிடம்

போலிச் செய்தி வருவதற்கு மூன்று வாரம் முன்னால் வங்கியே ஒரு செய்தி அனுப்பியிருந்தது. கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாள விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்ற உண்மையான செய்தி அது. கீழே ஒரு குறுஞ்சுட்டி. யாருடைய முகவரி என்றே தெரியாதபடி சுருக்கப்பட்ட ஏழெட்டு எழுத்து. அயித்தைக்கு முழங்கால் வலி. கிளைக்கு நேரில் போய்க் கொடுத்துவிடலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். மனதில் அது ஒரு பாக்கியாகவே இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

செவ்வாய்க்கிழமை 11:20க்கு இன்னொரு செய்தி வந்தது. சாதாரணப் பத்து இலக்க செல்பேசி எண்ணிலிருந்து. ‘உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்று மாலை கணக்கு முடக்கப்படும்’ என்று தமிழில். சுட்டியின் தொடக்கத்தில் வங்கியின் சுருக்கப் பெயர், ஒரு சிறு கோடு, ‘கேஒய்சி’, இன்னொரு சிறு கோடு, ‘அப்டேட்’, கடைசியில் மலிவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு முடிவு. அயித்தை அதைத் தொட்டார். திறந்த பக்கம் வங்கியின் பக்கம் மாதிரியே இருந்தது. அதே நிறம், அதே சின்னம். ‘மோசடிக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்று வங்கி தன் பக்கத்தில் போட்டிருந்த பட்டையைக்கூட அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

பயனர் பெயர், கடவுச்சொல், பிறந்த தேதி. அவ்வளவையும் போட்டார். 11:34க்கு அழைப்பு வந்தது. நல்ல தமிழ், பொறுமையான குரல். ‘மேடம், நீங்க எங்ககிட்ட எதுவும் சொல்ல வேண்டாம், வர்ற நம்பரை அந்தப் பக்கத்துலயே போடுங்க போதும். நடுவுல நிறைய மெசேஜ் வரும், வேலை முடியறவரை போனை வைக்காதீங்க.’ மூன்று ஓடிபி வந்தது. புதுக் கருவியில் உள்ளே நுழைய ஒன்று, 4,50,000 ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடிக்க ஒன்று, புதுப் பெறுநரைச் சேர்க்க ஒன்று. வைப்புத்தொகை சேமிப்புக் கணக்குக்கு வந்து, அங்கே இருந்த 12,000 ரூபாயோடு சேர்ந்து, இரண்டு கணக்குகளுக்குப் பிரிந்து போனது. கடைசிப் பரிமாற்றம் 11:58க்கு.

மதியம் ஒரு மணிக்குச் செய்திகளைத் திறந்தபோதே அயித்தைக்குப் புரிந்துவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணி வரைக்கும் பட்டாலைக் கூடத்தில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். மகன் வழக்கமாக அழைக்கிற நேரத்தில் அழுதுகொண்டே சொல்லி, அவர் என்னை அழைத்து, நான் 1930 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தபோது மணி 9:40. கிட்டத்தட்ட பத்து மணி நேரம் போயிருந்தது. மறுநாள் சிவகங்கைக்குப் போய் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தோம். ஒரு கணக்கில் மிச்சமிருந்த 1,18,000 ரூபாயை முடக்க முடிந்தது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது கைக்கு வரப் பதினொரு மாதம் ஆனது. மீதி 3,44,000 அதே மதியமே பல கணக்குகள் தாண்டி ஏடிஎம் வழியாக வெளியே போய்விட்டது.

வங்கியின் பதில் இரண்டு வரி. ஓடிபியை வாடிக்கையாளரே உள்ளிட்டிருக்கிறார், அதனால் இழப்பு அவருடையது. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை அப்படித்தான் பிரித்திருந்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ரகசிய விவரம் வெளியே போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான இழப்பு அவருடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. அந்தப் பத்து மணி நேர மௌனத்துக்கு விலை இருந்தது. ஒருவேளை 12 மணிக்கே அழைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கும்.

அயித்தை அன்று இரவு சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ‘ஓடிபிய யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருந்துச்சு தம்பி. நான் யாருகிட்டயும் சொல்லலையே. பேங்குப் பக்கத்துலதானே போட்டேன்?’

அவர் சொன்னது சரி. எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்துதான் நடந்திருக்கிறார். பணத்தை இழந்தது வாயைத் திறந்ததால் இல்லை. இடம் மாறிப் போனதால். எது வங்கியின் இடம் என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழியும் இல்லை. ‘பேங்க் டாட் இன்’ தொடுகிற இடம் இதுதான் என்பதால்தான் இந்த நிகழ்வை அதோடு வைத்துப் பார்க்கிறேன்.

விலாசமும் புள்ளியும்

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வங்கி அந்நியமான விஷயம் இல்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அதற்கு முன்னால் கடல் தாண்டி வட்டிக்கடை நடத்திய காலத்தில், பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளுக்கு ‘விலாசம்’ என்று பெயர். உண்டியல் தாளில், அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டில், அந்த எழுத்துகளைப் பார்த்தாலே எந்த வீட்டுக் கடை என்று தெரியும்.

ஆனால் எழுத்து என்பது எழுத்துதான். யாரும் தாளில் எழுதிவிடலாம். ஒருவர் நகரத்தாரா (இந்தப் பக்கத்துச் செட்டியார் சமூகம்), எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதற்கு வேறு ஏற்பாடு உண்டு. ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றிலிருந்து மாலை வந்து கல்யாணம் நடந்து, கோயில் கணக்கில் பதிவானால்தான் அந்தக் குடும்பம் ஒரு ‘புள்ளி’. அந்தக் கணக்கைக் கோயில் வைத்திருக்கிறது. நானாகப் போய் என் பெயரை எழுதிக்கொள்ள முடியாது.

இணைய முகவரிக்கும் இந்த இரண்டும் பொருந்துகின்றன. ‘காம்’ என்று முடிவதும், 2005இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ‘இன்’ என்று முடிவதும் விலாசம் மாதிரி. பணம் கட்டினால் சில நிமிடத்தில் கிடைக்கும். ‘கோ டாட் இன்’ என்று முடிந்தால் பெரிய நிறுவனம் என்று பலர் நம்புகிறார்கள், அதையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ‘கவ் டாட் இன்’ வேறு. அரசு அலுவலகம் என்று சரிபார்க்காமல் தர மாட்டார்கள். அது புள்ளிக் கணக்கு. ‘பேங்க் டாட் இன்’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ரிசர்வ் வங்கி 1996இல் ஹைதராபாத்தில் அமைத்த ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டுமே அதைப் பதிந்து தருகிறது. வங்கி உரிமம் இல்லாதவருக்குக் கிடைக்காது. 2025 ஏப்ரல் 22 சுற்றறிக்கை, அந்த வருடம் அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் மாறிவிட வேண்டும் என்று நாள் குறித்தது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ‘ஃபின் டாட் இன்’ என்று தனியாக வரும் என்றும் பிப்ரவரி அறிவிப்பிலேயே இருந்தது.

யோசனை புதிது இல்லை. ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த மிக்கோ ஹிப்போனென் 2007இலேயே வங்கிகளுக்கென்று ‘பேங்க்’ என்று முடியும் முகவரி வேண்டும், விலை 50,000 டாலர் வைத்தால் திருடன் வாங்க மாட்டான் என்று எழுதினார். அப்போது எழுந்த எதிர்ப்பு இன்றும் செல்லும்: சாதாரண மனிதர்கள் முகவரியைப் பார்ப்பதே இல்லையே? அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்காவில் ஹார்வர்டு, பெர்க்லி ஆய்வாளர்கள் 22 பேரை உட்கார வைத்து உண்மைப் பக்கங்களையும் போலிப் பக்கங்களையும் காட்டியிருந்தார்கள். 23 சதவீதம் பேர் முகவரிப் பட்டை உட்பட உலாவி தரும் எந்த அடையாளத்தையும் பார்க்கவே இல்லை. ஒரு வங்கியின் பெயரில் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்துக்குப் பதில் இரண்டு ‘வி’ போட்ட போலிப் பக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏமாந்தார்கள். கூர்ந்து பார்க்கிறவரையும் அந்த இரண்டு ‘வி’ ஏமாற்றிவிடும்.

உலக அளவில் அந்த ‘பேங்க்’ முடிவு 2015இல் வந்தது. எஃப்டிஎல்டி என்ற அமைப்பு நடத்துகிறது. விண்ணப்பிப்பவர் வங்கிதானா என்று சரிபார்ப்பதோடு, பெயர்ப் பதிவுகளுக்கு மின்னணுக் கையொப்பம், மறையாக்கம், மின்னஞ்சலில் போலி அனுப்புநரைத் தடுக்கும் ஏற்பாடு எல்லாவற்றையும் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் ஊர்ப்புற வங்கிகள் நிறைய வந்து சேர்ந்தன. பெரிய வங்கிகள் பல ‘காம்’ முகவரியை விடவில்லை. பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே என்றால் வாடிக்கையாளருக்கு அது அடையாளமாகவே ஆகாது. ‘பேங்க்’ என்று முடிந்தால் வங்கி என்று சொல்லலாம், முடியாவிட்டால் வங்கி இல்லை என்று சொல்ல முடியாது. ஏமாறாமல் இருக்க நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாதி. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிக்கும் ஒரே கடைசி நாள் குறித்ததன் மதிப்பு அதில்தான் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பலமான பகுதி அதுதான்.

கதவு கதவாகப் பார்த்தால்

அன்று பேங்க் டாட் இன் இருந்திருந்தால் என்று கற்பித்துக்கொண்டு, 11:20க்கு வந்த செய்தியிலிருந்து ஒவ்வொரு படியாகப் போனேன்.

முதல் கேள்வி, அயித்தை முகவரியைப் பார்த்திருப்பாரா? 2024இல் அவர் பார்க்கவில்லை. அவருடைய வார்த்தையில், ‘பேங்குக்கு வெளிய போர்டு இருக்கு. போன்ல போர்டு எங்க இருக்குன்னு யாரு சொன்னா?’ யாரும் சொல்லவில்லை. நான் சொன்னது இன்னும் மோசம். 2019இல் அவருக்குப் புதுப் போன் வாங்கித் தந்தபோது, ‘மேலே பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம்’ என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் பூட்டு, போனுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்தப் பக்கம் திருடனுடையது என்றால், திருடனோடு ரகசியமாகப் பேசுகிறோம் என்று அர்த்தம். பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023இல் குரோம் உலாவி பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. அயித்தை தொட்ட போலிப் பக்கமும் பூட்டு காட்டக்கூடிய பக்கம்தான். பழைய பட்டியலில் முகவரியைப் பார்த்தபோது தெரிந்தது. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இரண்டாவது கேள்வி, பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாரா? இதற்கு விடை தேடித்தான் அவருடைய போனில் ஒரு வருடத்துக்கு வங்கி அனுப்பிய உண்மையான செய்திகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கணக்குக்கு ஒரு முகவரி, அட்டைக்கு வேறு, பரிசுப் புள்ளிகளுக்கு வேறு, காப்பீட்டு விளம்பரத்துக்கு வேறு, கருத்துக் கேட்பதற்கு வேறு. ஐந்து வெவ்வேறு முகவரிகள், அதற்கு மேல் குறுஞ்சுட்டிகள். அத்தனையும் அசல். 18 வருட வேலை அனுபவத்தோடு நானே ஒவ்வொன்றையும் பதிவு விவரம் தேடிப் பார்த்துத்தான் அசல் என்று உறுதி செய்ய முடிந்தது. முகவரி முக்கியம் இல்லை என்று அந்த வங்கியே அயித்தைக்கு ஒரு வருடம் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறது. ஆறாவதாக ஒன்று வந்தால் அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

பேங்க் டாட் இன் இங்கேதான் வேலை செய்யும் என்று நம்புகிறேன். கணக்கோ அட்டையோ காப்பீடோ, எல்லாம் அந்த ஒரே முடிவுக்குள் வந்துவிட்டால், அயித்தைக்கு ஒரே மூச்சில் சொல்லித்தர ஒரு விதி கிடைக்கிறது. அவருக்கு மட்டும் இல்லை, பால்காரருக்கும் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவருக்கும் அதே விதி. எந்த வங்கியாக இருந்தாலும் அதே விதி.

விதியை எப்படிச் சொல்வது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பேங்க் டாட் இன் இருக்கிறதா பாருங்கள்’ என்றால் தவறாகப் போகும். முகவரியை நாம் இடமிருந்து படிக்கிறோம், அதன் அதிகாரம் வலமிருந்து வருகிறது. ‘எங்கள்வங்கி டாட் பேங்க் டாட் இன் டாட் கேஒய்சிஅப்டேட் டாட் காம்’ என்று ஒருவன் வைத்தால், அது கடைசியில் இருக்கும் ‘கேஒய்சிஅப்டேட் டாட் காம்’ வாங்கியவனுடைய சொத்து. இடப்பக்கம் என்ன எழுதினாலும் அவன் இஷ்டம். ‘பேங்க்’ என்பதற்கும் ‘இன்’ என்பதற்கும் நடுவே புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டு, ‘காம்’ என்று முடிக்கலாம். போனின் சின்னத் திரையில் நீளமான முகவரி முழுதாகத் தெரிவதும் இல்லை. அதனால் ‘இருக்கிறதா’ என்று பார்க்கக் கூடாது, ‘அதில் முடிகிறதா’ என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு வருகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும்: இன், புள்ளி, பேங்க், புள்ளி.

அடுத்த படி அந்தப் போன் அழைப்பு. முகவரியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. வங்கிகள் பரிமாற்றம் தொடர்பாக 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதுவும் இதே மாதிரி ஒரு புள்ளிக் கணக்குதான், குரலுக்கு. இரண்டும் சேர்ந்தால் பலம் கூடும். ஆனால் வாட்ஸ்அப்பில் ‘போக்குவரத்து அபராதம்’ என்ற பெயரில் ஒரு செயலிக் கோப்பு வந்து, அதைப் போனில் நிறுவிவிட்டால், வரும் ஓடிபியை அந்தச் செயலியே படித்து அனுப்பிவிடும். அங்கே முகவரியைப் பார்க்க வேண்டிய கட்டமே வருவதில்லை. யுபிஐயில் பணம் வரும் என்று சொல்லி பின் எண்ணைப் போட வைக்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த வகை மோசடிக்கு எல்லாம் பேங்க் டாட் இன் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கண்ணை நம்பாத வழி

இத்தனைக்கும் பிறகு எனக்கு இந்தத் திட்டத்தில் நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் மனிதக் கண் இல்லை. பெரும்பாலோர் பார்க்க மாட்டார்கள். 71 வயதில், கண்புரை அறுவை செய்த கண்ணோடு, மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும் என்ற பயத்தில் இருக்கிற ஒருவரிடம் புள்ளியையும் சிறு கோட்டையும் பிரித்துப் பார் என்று கேட்பது நியாயமும் இல்லை. இயந்திரம் பார்க்க வேண்டும்.

கடவுச்சொல்லைப் போனே நினைவில் வைத்து நிரப்பும் வசதி இருக்கிறது. பதிவு செய்த முகவரியில் மட்டும்தான் அது நிரப்பும். இரண்டு ‘வி’ போட்டாலும் அது ஏமாறாது. இன்னும் உறுதியானது ‘பாஸ்கீ’. விரல் வைத்தால் திறக்கும் அந்தச் சாவி ஓர் இணைய முகவரியோடு கட்டப்பட்டது. போலிப் பக்கத்தில் அயித்தை நூறு தடவை விரல் வைத்தாலும் போன் சாவியைத் தராது. அவரே ஆசைப்பட்டாலும் திருடனுக்குக் கொடுக்க முடியாத ரகசியம் அது. ஆனால் இது சரியாக வேலை செய்ய, வங்கி ஒரே முகவரியில் நிலையாக நிற்க வேண்டும். ஐந்து முகவரி வைத்துக்கொண்டு எதோடு கட்டுவது? அந்த நிலையான இடத்தைத் தருவதுதான் பேங்க் டாட் இன் செய்யக்கூடிய பெரிய உதவி. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் அடையாள உறுதிப்பாட்டு விதிகள், குறுஞ்செய்தி ஓடிபியைத் தாண்டிய வழிகளுக்கும் இடம் கொடுக்கின்றன. இரண்டையும் வங்கிகள் சேர்த்துச் செய்தால், அன்று அயித்தை பக்கத்தில் போட்ட மூன்று எண்களும் இல்லாமலேயே போயிருக்கும்.

ஒரு பயமும் உண்டு. எல்லாரும் ஒரே முடிவை நம்பத் தொடங்கிய பிறகு அந்த முடிவே கைமாறினால்? 2016 அக்டோபர் 22 அன்று பிரேசிலில் ஒரு வங்கியின் 36 இணைய முகவரிகளையும் பெயர்ப் பதிவைக் கைப்பற்றித் திருடர்கள் மணிக்கணக்கில் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் சரியான முகவரியைத்தான் போட்டார், போய்ச் சேர்ந்தது திருடனிடம். காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அடுத்த வருடம் அதை விரிவாக வெளியிட்டது. அதனால் பதிவு செய்யும் இடத்தின் காவல்தான் எல்லாம். யார் பதிவை மாற்றலாம், எத்தனை பேர் சம்மதித்தால் மாறும் என்பதில் ஐடிஆர்பிடியும் வங்கிகளும் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் இந்த முடிவுக்கு மதிப்பு. கோயில் கணக்கு திறந்து கிடந்தால் புள்ளிக்கு என்ன அர்த்தம்?

இரண்டாவது தடவை

2025 டிசம்பரில் அயித்தையின் போனுக்கு இன்னொரு செய்தி வந்தது. ‘அரசு உத்தரவுப்படி உங்கள் வங்கி புதிய முகவரிக்கு மாறுகிறது. உங்கள் கணக்கை மாற்றிக்கொள்ள இங்கே பதிவு செய்யவும்.’ முகவரி மாற்றத்தையே தூண்டிலாக்கியிருந்தார்கள். சுட்டியில் ‘பேங்க்’ இருந்தது, ‘இன்’ இருந்தது, நடுவில் சிறு கோடு இருந்தது. கடைசியில் வேறு ஏதோ.

அதற்கு முன்பே தீபாவளிக்கு வந்திருந்தபோது அவருக்குப் பின்னோக்கிப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நாலு நாள் ஆனது. முதல் நாள் ‘பேங்க்’ என்ற சொல் எங்கே இருந்தாலும் சரி என்றார். நாளிதழ்த் துண்டுகளில் நானே பத்து முகவரி எழுதி, எது வங்கி, எது இல்லை என்று கேட்டேன். நாலாம் நாள் பத்தும் சரியாக வந்தது. சிறு வயதில் கணக்கு ஏட்டைக் கீழிருந்து மேலாகக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்வாராம் அவருடைய அப்பச்சி. ‘அதே மாதிரிதான் தம்பி இதுவும்’ என்றார்.

டிசம்பர் செய்தியை அவர் தொடவில்லை. எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, கடைசியிலிருந்து படித்து, பிறகு என்னை அழைத்தார். ‘புள்ளி இருக்க வேண்டிய எடத்துல கோடு இருக்கு. இது நம்ம பேங்கு இல்லை, சரிதானே?’ சரி என்றேன். அந்த எண்ணைப் பற்றிப் புகார் கொடுக்கச் சொன்னதும் அவரேதான்.

ஒரே ஒருவர், அதுவும் ஒரு தடவை பட்டவர், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருந்தவர். இதை வைத்து எல்லாரும் தப்பிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். பூட்டிய அறைகளுக்கு நடுவே தனியாக இருக்கும் எத்தனையோ ஆச்சிகளுக்கு இப்படி நாலு நாள் உட்கார யாரும் இல்லை. ஆனால் 2024இல் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தாலும் சொல்லித்தர என்னிடமே விதி இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

கிளைகளில் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டோம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கணக்கு எண்ணுக்குக் கீழே வங்கியின் பேங்க் டாட் இன் முகவரியைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். கிளை வாசல் பலகையிலும் இருக்க வேண்டும். ஓடிபி செய்தியில் ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பதோடு ‘இந்த முகவரியில் தவிர வேறெங்கும் உள்ளிடாதீர்கள்’ என்று தமிழில் சேர்க்க வேண்டும். வைப்புத்தொகையை இணையத்தில் முதிர்வுக்கு முன் முடித்தால், மூத்த குடிமக்களுக்காவது ஒரு நாள் பொறுத்துப் பணம் வெளியே போக வேண்டும். இந்தக் கடைசி ஒன்று மட்டும் அன்று இருந்திருந்தால் 4,50,000 ரூபாயும் அங்கேயே இருந்திருக்கும், முகவரி எதுவாக இருந்தாலும்.

அயித்தையின் வங்கி இப்போது பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறிவிட்டது. அவர் அதைத் தன் கையால் நாட்காட்டி அட்டையில் எழுதிப் பட்டாலைத் தூணில் மாட்டியிருக்கிறார். போன மாதம் அதே வங்கியிலிருந்து அட்டைச் சலுகை பற்றி ஒரு செய்தி வந்தது. அயித்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘இது திருடன் அனுப்பினது’ என்று அழித்துவிட்டார். நான் விசாரித்தேன். வங்கி அனுப்பியதுதான். பழையபடி ஏழெட்டு எழுத்துக் குறுஞ்சுட்டி. அயித்தை கையெழுத்துப் போட்டு, ‘உங்கள் செய்தி எதிலும் உங்கள் முகவரி தவிர வேறு முகவரி வரக்கூடாது’ என்று கிளை மேலாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் பதிவு வசதியோடு விரைவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். மூன்று வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை இரண்டும் வந்துவிட்டன. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.